நிமிர்ந்து உட்கார்ந்த குற்றம்

"இது நம்ம வரதன்தானேம்மா?" என்று கேட்டுவிட்டு விஜயராகவன் சார் தன் போனை என் பக்கம் திருப்பினார்.

நான் வைத்த ஸ்டேட்டஸ்தான். முந்தின நாள் காலையில் படகு கரைக்கு வந்தபோது அம்மா எடுத்து அனுப்பிய படம். முன்னால் என் நைனா பெருமாள், தோளில் ஈர வலையோடு. பக்கத்தில் இரண்டு கூடை இறால். படகின் நடுப்பலகையில் வெள்ளைச் சட்டையில் வரதண்ணன், நட்டு வைத்த கம்பம் மாதிரி உட்கார்ந்திருந்தார். கீழே நான் எழுதியிருந்தேன்: எங்க பாடு, செம்ம இறால். ஒரு சிவப்பு இதயம் வேறு.

"முதுகெலும்புல டிபி, மூணு மாசமா படுக்கைன்னு ஃபைல் போட்டு வச்சிருக்க. படுக்கையில இருக்கற ஆள் இதுல எப்படி உக்காந்திருக்காரு பாரு. நான்கூட இவ்வளவு நேரா உக்கார மாட்டேன்."

"சட்டைக்குள்ள பெல்ட் இருக்கு சார். மார்லேர்ந்து இடுப்பு வரைக்கும். அது வளைய விடாது."

"பெல்ட் போட்டுக்கிட்டு மீன் பிடிக்கலாம்னு எந்த டாக்டர் சொன்னாரு?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. அவர் எப்போதும் கோபப்பட மாட்டார். அதுதான் எனக்கு எரியும்.

ஒரு கம்பெனிக் கிடங்கில் நான் ஹெச்.ஆர். உதவியாளர்; அவர் மேனேஜர். காலேஜைப் பாதியில் விட்டவள். கால் சென்டரில் இரவு ஷிஃப்டையும் பாதியில் விட்டவள். இந்த ஒரு வேலையில்தான் மூன்று வருடம் தாக்குப்பிடித்திருந்தேன். நீண்ட மருத்துவ விடுப்பில் இருப்பவர்களின் ஃபைல் என்னிடம். இ.எஸ்.ஐ. சர்டிபிகேட் தேதி தவறாமல் வருகிறதா, எப்போது முடிகிறது, திரும்பி வரும்போது என்ன வேலை கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்கிறார், எல்லாம் நான் பார்க்க வேண்டும். வரதண்ணன் எங்கள் ஊர்க்காரர், பன்னிரண்டு வருடமாக அங்கே ஃபோர்க் லிஃப்ட் ஓட்டியவர். வண்டி குலுங்கக் குலுங்க முதுகு வலித்தது. எல்லோரும் வண்டியால் வந்த வலி என்றே நினைத்தோம். ஸ்கேன் எடுத்தபோது டிபி இரண்டு எலும்புகளை அரித்துவிட்டிருந்தது.

அவர் இடத்தில் ஒரு கான்ட்ராக்ட் ஆளைப் போட்டிருந்தார்கள். அவன் லீவு கேட்க மாட்டான், யூனியன் பேச மாட்டான். இரண்டாவது மாதத்திலிருந்தே விஜயராகவன் சார், "வரதன் எப்ப வர்றாராம்?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "வரதன் வருவாரா?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்.

இப்போது அவர் கையில் படம் கிடைத்துவிட்டது. கொடுத்தவள் நான்.

நான் ஏன் அதை யோசிக்கவில்லை என்று அன்று முழுக்க என்னையே திட்டிக்கொண்டேன். யோசிக்காததற்கு ஒரே காரணம்தான். எங்கள் குப்பத்தில் அது வேலை கிடையாது.

ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் நன்றாக விழும். எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை கட்ட முடியாது. அதனால் கல்யாணமான ஆண்கள் எல்லோருடைய பெயரையும் நோட்டில் எழுதி, ஏழேழு பேராகப் பிரித்து, முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் பாடு. மாதத்துக்கு ஒரு முறை வரும். வந்ததை ஏழு பங்காகப் பிரிப்பார்கள். ஒரு காலத்தில் மெட்ராஸில் வேலைக்குப் போனவர்கள் தங்கள் முறையை வெளியாட்களுக்கு விற்றுவிட்டார்கள். அடிதடி ஆனது. அப்போது போட்ட சட்டம்: மாற்று ஆள் கிடையாது. பெயர் உள்ளவன் படகில் இருக்க வேண்டும். வருடத்தில் இரண்டு முறை வராமல் இருக்கலாம். மூன்றாவது முறை வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள்.

நோயாளிக்கும் அதே சட்டம்தான். ஆனால் அவன் வலையைத் தொட வேண்டாம். மற்ற ஆறு பேர் தூக்கி வந்து உட்கார வைப்பார்கள். அவன் சும்மா உட்கார்ந்திருப்பான். முழுப் பங்கு வீட்டுக்குப் போகும். பக்கவாதம் வந்த ஆளைப் பாயோடு கொண்டுபோய்ப் படகில் வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். உலகத்தில் எந்தக் கம்பெனியிலும் இல்லாத மரியாதை என்று எனக்கு அதில் ஒரு திமிர்கூட இருந்தது.

வரதண்ணன் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் கிடந்தார். மூன்றாவது முறைக்கு வந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான் அந்தப் படம்.

இதையெல்லாம் விஜயராகவன் சாரிடம் சொன்னேன். கடைசிவரை கேட்டார்.

"சரிம்மா. உட்கார்ந்ததுக்குப் பங்கு வாங்கினாரா?"

"வாங்கினாரு."

"அப்போ வேலை பார்த்திருக்காரு. உடம்பு சரியில்லன்னு இ.எஸ்.ஐ.ல உதவி வாங்கிட்டு வெளியில வேலை பார்த்தா என்ன ஆகும்னு உனக்கே தெரியும். நோட்டீஸ் டைப் பண்ணு. ஏழு நாள் டைம் குடு. போட்டோ நீ போட்டதுங்கறதால சாட்சி இடத்துல உன் கையெழுத்து வேணும்."

"அவர் வேலை செய்யல சார்."

"ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு அம்பது பேர் சர்டிபிகேட்டோட வந்து நிப்பாங்க. நீ நேர்மையான பொண்ணு. டைப் பண்ணு."

டைப் செய்தேன். கையெழுத்தும் போட்டேன். இதை மறைப்பதில் அர்த்தமில்லை. எனக்கும் மாதம் பிறந்தால் சம்பளம் வேண்டும். தபாலில் அனுப்ப வேண்டிய நோட்டீஸை, "உங்க ஊர்தானே, கையிலயே குடுத்து கையெழுத்து வாங்கிட்டு வந்துடு" என்றார். அதையும் வாங்கிப் பையில் வைத்தேன்.

கம்பெனி வேன் திருப்பாலைவனத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து பஸ். அன்று பஸ்ஸில் இடம் இருந்தும் நான் உட்காரவில்லை.

வரதண்ணன் வீட்டு வாசலில் அவர் மனைவி லோகாம்பாள் நண்டுகளின் காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் பொன்னேரிக்கு எடுத்துப்போக. விஷயம் அவளுக்கு முன்பே வந்திருந்தது. கம்பெனியில் இருந்து யாரோ போன் பண்ணியிருந்தார்கள்.

"வாம்மா போட்டோக்காரி" என்றாள். தலையைத் தூக்கவில்லை. "எங்க வூட்டு ஆம்பளைய ஊருக்கே படம் காட்டினல்ல, இப்ப காயிதத்தையும் தூக்கிகினு வந்துட்டியா? அடுத்தது இன்னா, பாடையா?"

"அண்ணி, நான் வேணும்னு பண்ணல."

"வேணும்னு பண்ணியிருந்தா உன் மூஞ்சில நண்ட வுட்டிருப்பேன். தெரியாம பண்ணதால பேசிகினு கீறேன்."

உள்ளே பலகைக் கட்டிலில் வரதண்ணன் மல்லாந்து கிடந்தார். பெல்ட்டைக் கழற்றிச் சுவரில் மாட்டியிருந்தார்கள். அது ஒரு ஆளின் உடம்பு மாதிரியே தொங்கியது.

"லோகு, அத்த வுடு. வைஷ்ணவி, காயிதத்த குடு. எங்க கையெழுத்து போடணும்?"

"படிச்சிட்டு போடுண்ணா."

"படிச்சா மாறிடுமா? சரி, ஒண்ணு சொல்லு. போட்டோல நான் நல்லா கீறனா?"

"நேரா உக்காந்துகினு கீறியாம். அதான் குத்தமாம்" என்றாள் லோகாம்பாள் வாசலிலிருந்து.

அவர் சிரிக்கப் பார்த்தார். முதுகு பிடித்துக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மேலே பார்த்தபடி கிடந்தார். பிறகு, "எனக்கு வேல வேணும்மே" என்றார். "எழுந்து நடந்தா நான் வண்டிதான் ஓட்டணும். ஏரிய நம்பி மட்டும் வூடு நடக்காது. வேலைய நம்பி மட்டும் நடக்காதுன்னு இப்ப தெரிஞ்சு போச்சு. ரெண்டுல எதையும் வுட மாட்டேன். நீ அந்த ஆபீசுல குந்திகினு கீற. எதனா பண்ணு."

ஊர்க் கடிதம் ஒன்று வாங்கிக் கொடுத்தால் நிற்கும் என்று நினைத்தேன். பாடு நோட்டு தெய்வசிகாமணி மாமாவிடம் இருந்தது. பஸ் நிற்கும் இடத்தில் குளிர்பானக் கடை வைத்திருப்பவர். நேர்மையான ஆள், அதனால்தான் நோட்டு அவரிடம். போய் நின்று, "வரதண்ணன் மீன் பிடிக்கலன்னு ஊர் சார்பா ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க மாமா" என்றேன்.

அவர் நோட்டை எடுத்தார். மூடி வைத்தார்.

"பிடிக்கலன்னு நான் கையெழுத்து போட்டா, அன்னைக்கு அவன் முறைக்கு வரலன்னு ஆயிடும். மூணாவது தபா. பேர அடிக்கணும். இதுக்குன்னே நாக்க தொங்கப் போட்டுகினு நாலு பேர் கீறான், தெரியுமா உனக்கு? புதுசா கல்யாணமான அவங்க புள்ளைங்க பேரு, ஒரு பேரு காலியானாதான் நோட்டுல ஏறும்."

"அப்ப வந்தாருன்னு எழுதுங்க."

"எழுதறேன். வந்தான், முறை செஞ்சான், பங்கு வாங்கினான். உங்க சாருக்கு அது போதுமா?"

"வந்தாரு, உக்காந்தாரு, வேலை செய்யலன்னு எழுதுங்க. அதானே நடந்துச்சு?"

"மெய்யாலும் அதான் நடந்துச்சு. அத்த உங்க ஆளு ஒத்துக்குவாரா, கேளு."

அங்கேயே விஜயராகவன் சாருக்கு போன் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "எங்க ஃபாரத்துல ரெண்டு கட்டம்தான் இருக்கும்மா. வேலை பார்த்தாரா, பார்க்கலியா. பார்க்கலன்னா பங்கு எதுக்கு? பார்த்தாருன்னா லீவு எதுக்கு? நடுவுல ஒரு கட்டம் நான் எங்க போய் வரையறது?"

தெய்வசிகாமணி மாமா போனைப் பார்த்தே, "இன்னா சார் ஆளு நீ, நோவாளிக்கி ஒரு கட்டம் இல்லாம ஃபாரம் அடிச்சு வச்சிகினு கீற" என்றார். சார் அதற்குள் வைத்துவிட்டிருந்தார்.

ஏழு நாளில் ஐந்து போய்விட்டது. ஆறாம் நாள் காலையில் வரதண்ணனை வேலையை விட்டு நீக்கும் கடிதம் பிரிண்டரில் வந்து விழுந்தது. விளக்கம் வருவதற்கு முன்பே தயார். கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன்.

"சார், அவருக்கு உடம்பு சரியாச்சா இல்லியான்னு இ.எஸ்.ஐ. டாக்டர்கிட்டயே கேட்கலாமே. கம்பெனி எழுதிக் கேட்டா அவங்களே கூப்பிட்டுப் பார்ப்பாங்க."

"கேட்கலாம்."

"ஏன் கேட்கல?"

"கேட்டா சரியாகலன்னு சொல்லுவாங்க" என்றார். மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மூன்று வருடமாக இந்த ஆளுக்கு நான் டீ நேரத்தை நினைவுபடுத்தியிருக்கிறேன். பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால் கேக் சொல்லியிருக்கிறேன். அவருக்குத் தெரியும். வரதண்ணன் முதுகில் இரண்டு எலும்பு இல்லை என்று தெரியும். படம் பொய் என்றும் தெரியும். தெரியாமல் செய்திருந்தால்கூட ஒரு மாதிரி. வெளியே வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். அந்த நீக்கக் கடிதத்தை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டேன்; அதனால் ஒன்றும் ஆகாது, இன்னொன்று பிரிண்ட் எடுக்கலாம். பிறகு இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்கு கம்பெனி மெயிலில் எழுதினேன்.

இவர் இன்ன நாளிலிருந்து விடுப்பில் இருக்கிறார். இந்தப் படத்தில் இருப்பவர் இவர்தான். படத்தை வெளியிட்டது நான். எங்கள் ஊர் வழக்கப்படி நோயாளி படகில் உட்கார மட்டும் செய்வார், அவருக்குப் பங்கு உண்டு. இதை வைத்து அவர் வேலை செய்யும் நிலையில் இருக்கிறார் என்று கம்பெனி கருதுகிறது. அவரைப் பரிசோதித்துச் சொல்லவும். உங்கள் பதில் வரும்வரை நடவடிக்கை நிறுத்தி வைக்கப்படும். கீழே என் பெயர், என் பதவி. படத்தை இணைத்தேன். விஜயராகவன் சாருக்கும் ஒரு நகல் போட்டேன். ஒளித்துச் செய்ய எனக்கு இஷ்டமில்லை.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் அதைப் படிப்பது தெரிந்தது. எழுந்து வந்தார். முதல் முறையாக அவர் குரல் உயர்ந்தது. "உன்னை யாரும்மா கேட்டா?" என்றார். அந்த இரைச்சல் எனக்கு நிம்மதியாக இருந்தது.

அதற்குப் பிறகு அவரால் கடிதத்தில் கையெழுத்து போட முடியவில்லை. கேள்வி எழுத்தில் போய்விட்டது. பதில் வராமல் நீக்கினால் தலைமை அலுவலகத்தில் அவரைக் கேட்பார்கள்.

பத்து நாள் கழித்து வரதண்ணனைக் கூப்பிட்டார்கள். வேன் வைத்து, பின்சீட்டில் படுக்க வைத்து, சென்னைக்குக் கொண்டுபோனோம். நானும் லோகாம்பாளும். வழி முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. பள்ளம் வரும்போதெல்லாம் அவர் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

பார்த்தது ஒரு பெண் டாக்டர். பழைய ஸ்கேனையும் புது ஸ்கேனையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். என் படத்தையும் பார்த்தார்.

"படகுல எவ்வளவு நேரம் இருந்தீங்க?"

"காலையில ஏறினேன் மேடம். வலை எடுக்கற வரைக்கும். ஒரு நாலு மணி நேரம்."

"அலை வந்து ஒரு தட்டு தட்டியிருந்தா இடுப்புக்குக் கீழ ஒண்ணும் இருந்திருக்காது. அப்புறம் ஆயுசுக்கும் உட்கார்ந்தே இருந்திருக்கலாம். இவ்வளவு படிச்ச பொண்ணு, நீங்க இதைப் போட்டோ வேற போட்டிருக்கீங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் எழுதிக் கொடுத்தார்: வேலைக்குத் தகுதி இல்லை. இன்னும் ஆறு மாதம் விடுப்பு. அதற்குப் பிறகு பரிசோதித்து, உட்கார்ந்து செய்யும் லேசான வேலை. கடைசி வரி: படகில் ஏறக் கூடாது.

கம்பெனி விசாரணையை நிறுத்தியது. வரதண்ணன் பெயர் கம்பெனிப் பட்டியலில் நின்றது. அனுமதி இல்லாமல் வெளியே கடிதம் அனுப்பியதற்கு எனக்கு மெமோ வந்தது. ஃபைல்களை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு, சீருடைக் கையிருப்பு எண்ண விட்டார்கள். சட்டையில் பொத்தான் இருக்கிறதா, காற்சட்டையில் ஜிப் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் இல்லை.

ஆனால் அந்தக் கடைசி வரி இருந்தது. அடுத்த முறை அடுத்த வாரம்.

முறைக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, வலைக்கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். பெண்கள் வெளியே நிற்கலாம், பேசக் கூடாது. தெய்வசிகாமணி மாமா டாக்டர் எழுதியதைச் சத்தமாகப் படித்தார். "அவன் படகுல ஏறக் கூடாதாம். ஏறினா முதுகு போயிடும், வேலையும் போயிடும். ஆறு மாசத்துக்கு அவன் வராமலே முறைய வச்சிக்கலாமா, வாணாமா, சொல்லுங்க" என்றார்.

பின்னாலிருந்து ஒருவன், "காயிதம் காட்டினா முறை நிக்கும்னா, நாளைக்கு ஹார்பர்ல வேல செய்யறவன் அம்பது பேர் காயிதத்தோட வந்து நிப்பான்" என்றான்.

அதே வாக்கியம். அதே அம்பது பேர். இவனுக்கு விஜயராகவன் சாரைத் தெரியாது. ஏசி அறையில் உட்கார்ந்து ஒருவர் சொன்னதை, இவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சொன்னான்.

"எங்கடா கீறாங்க அந்த அம்பது பேரு?" என்று கத்தினேன். "காட்டு பார்க்கலாம். முதுகுல எலும்பு இல்லாத அம்பது பேர எனக்குக் காட்டு. அங்க ஒருத்தன் சொல்றான், இங்க நீ சொல்ற. ஒருத்தன்தான் கெடக்கறான். ஒரே ஒருத்தன்!"

"யோவ் பெருமாளு, உன் பொண்ண வூட்டுக்கு அனுப்பு. கம்பெனி பேச்சு இங்க வாணாம்."

நைனா எழுந்து வந்து என் கையைப் பிடித்து வாசலிலிருந்து அப்பால் தள்ளினார். எல்லோர் எதிரிலும். கொட்டகைத் தட்டியின் இடுக்கு வழியாக நான் பார்த்தேன். சட்டத்தை மாற்ற வேண்டாம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னபோது பெரும்பாலான கைகள் எழுந்தன; நைனாவும் தூக்கினார்.

வீட்டுக்கு வந்ததும், "அவரோட பதினஞ்சு வருஷம் ஒரே படகுல போனியே நைனா" என்றேன்.

"அதுக்குத்தான் தூக்கினேன். இன்னைக்கு அவனுக்காக சட்டத்த வளைச்சா, நாளைக்கு வெளியாளு உள்ள வருவான். அப்ப என் முறைய எவன் காப்பாத்துவான், உன் இ.எஸ்.ஐ.யா?"

"தூக்கி வந்து உக்கார வைப்போம்னு பெருமையா சொல்லுவியே."

"இப்பவும் வைப்போம். அவன வரச் சொல்லு."

அன்று மதியம் நான் சாப்பிடவில்லை. கம்பெனி மேல் வைத்திருந்த கோபம் சின்னது என்று தோன்றியது. அது வெளியாள் மேல் கோபம்; சுலபம். இது என் வீட்டில் என் எதிரில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தது.

வரதண்ணன் மறுநாள் விடியற்காலை வந்து படகில் ஏறுவேன் என்று அடம்பிடிப்பதாக மாலையில் கேள்விப்பட்டேன். ஓடினேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "பெல்ட்ட எடு" என்று லோகாம்பாளைக் கேட்டார். சுவரில் பெல்ட் இல்லை.

"கிணத்துல போட்டுட்டேன்" என்றாள் அவள். "போய் எடுத்துக்க."

மறுநாள் விடிந்தும் விடியாமலும் நான் கரைக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியாது. அவர் வந்தால் காலைக் கட்டிக்கொண்டாவது நிறுத்தலாம் என்றுதான் இருக்கும். நைனாவும் மற்ற ஐந்து பேரும் தண்ணீர் ஓரம் நின்றிருந்தார்கள். யாரும் படகில் ஏறவில்லை. தெய்வசிகாமணி மாமா நோட்டோடு நின்றிருந்தார்.

படகின் நடுப்பலகையில் லோகாம்பாள் உட்கார்ந்திருந்தாள். வரதண்ணனின் வெள்ளைச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டிருந்தாள்.

"எறங்கு லோகாம்பா" என்றார் தெய்வசிகாமணி மாமா. "பொம்பள ஏறக் கூடாது. மாத்து ஆளும் கூடாது."

"நான் மாத்து ஆளு இல்ல. வலைய தொட மாட்டேன், கோல தொட மாட்டேன். உக்காருவேன். நோவாளி இன்னா செய்வானோ அத்த செய்வேன்."

"சட்டத்துல எடம் இல்லம்மா."

"நேத்து கை தூக்கினவன் எவனாச்சும் வந்து என்ன தூக்கி வெளிய போடு. வா. எவன் வர்றான்?"

ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்னொருவன் மனைவியைத் தொட்டுத் தூக்க எங்கள் குப்பத்தில் எவனுக்கும் கை வராது. அவளுக்கு அது தெரியும். ஒருவன், "வரதன கூப்பிட்டு இவள எறக்கச் சொல்லு" என்றான். "அவன வூட்ல வச்சு பூட்டியாச்சு, சாவி என்கிட்ட கீது" என்றாள் அவள்.

அரை மணி நேரம் போனது. திட்டினார்கள். அவள் பதிலுக்குத் திட்டினாள். அவளுடையது நன்றாக இருந்தது. நீர் இறங்க ஆரம்பித்திருந்தது. முகத்துவாரத்தில் தண்ணீர் வெளியே இழுக்கும் நேரத்துக்குள் வலை கட்டியாக வேண்டும். தவறினால் அன்றைக்கு ஏழு வீட்டுக்கும் ஒன்றுமில்லை. மறுநாள் அடுத்த ஏழு பேரின் முறை.

நான் நைனாவைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சொல்ல வேண்டியதை முந்தின நாளே சொல்லியாகிவிட்டது. அவர் தண்ணீரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. பிறகு படகு தள்ளும் கோலை எடுத்தார்.

"தண்ணி வத்துதுடா, ஏறுங்க" என்றார். "சட்டத்த சாயந்தரம் பேசிக்கலாம்."

மனம் மாறிப் போகவில்லை அவர். நீர் இறங்கியதால் போனார். எனக்கு அது தெரியும். மற்றவர்களும் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்கள். ஒருவன் படகின் ஓரமாக, அவள் மூச்சுக்காற்று படாத தூரத்தில் ஒடுங்கிக்கொண்டான்.

பத்து மணி வாக்கில் திரும்பினார்கள். நான் அன்று கம்பெனிக்குப் போகவில்லை. சட்டைகளை வேறு யாராவது எண்ணட்டும். ஏழு பங்கு பிரித்தார்கள். ஏழாவது கூடையை யாரும் தொடாமல் மணலில் விட்டுவிட்டு விலகி நின்றார்கள். லோகாம்பாள் முழங்கால் வரை நனைந்து இறங்கி வந்து, அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

தெய்வசிகாமணி மாமா நோட்டைத் திறந்து பேனாவைப் பிடித்தபடி நின்றார். "யார் பேர்ல எழுதறது?" என்றார். கேட்டது நிஜமாகவே தெரியாமல்தான்.

"உக்காந்தவ பேர்ல எழுதினாலும் சரி, படுத்திருக்கறவன் பேர்ல எழுதினாலும் சரி" என்றாள் அவள். "அடிக்க மட்டும் பேனாவ எடுத்த, அடுத்த மாசம் நோட்டு மேலயே வந்து குந்திக்குவேன்."

என்னைக் கடந்து போகும்போது ஒரு கணம் நின்றாள்.

"இன்னா பார்த்துகினு கீற? ஒரு கை புடி, கனக்குது."

கூடையின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"அடுத்த சர்டிபிகேட் என்னைக்கி குடுக்கணும்?" என்று கேட்டாள்.

"இருபத்தெட்டாம் தேதி. இப்ப ஃபைல் என்கிட்ட இல்ல அண்ணி."

"இல்லாட்டி இன்னா, நீயே எடுத்துகினு போய் உங்க சாரு மேசை மேல வையி. கையெழுத்து வாங்கிகினு வா" என்று சொல்லிவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தாள். பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து வரதண்ணன் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும் சத்தம் தெருமுனைக்கே கேட்டது.